சத்தம் கேட்கும், சொல் விளங்குமா?

பல்லடத்திலிருந்து மங்கலம் வழியாகத் திருப்பூருக்கு வருகிற ஒருவர், ஊர்ப் பெயர்ப்பலகைகளை ஏறெடுத்தும் பாராமல், தம் காதை மட்டுமே நம்பி, எவ்விடத்தை அடைந்திருக்கிறார் என்பதை ஒருவாறு சொல்லிவிட முடியும். விசைத்தறிகளின் இடைவிடாத தடதடப்பு மெல்ல ஓய்ந்து, வட்டப் பின்னல் இயந்திரங்களின் இரைச்சல் தொடங்கி, அதுவும் போய், ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்கள் விட்டு விட்டுச் சீறும் ஓசை எழுமானால், பனியன் கம்பெனிகள் நிறைந்த நகரம் வந்துவிட்டது என்று பொருள். இந்த ஓசைகளுக்கிடையே பிழைப்பை நடத்துகிறவர்கள், வாய்ச்சாடையாலும் கைச்சாடையாலும் பேசிக்கொள்வதில் தேர்ந்தவர்கள். அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறவியிலேயே செவிப்புலனற்ற குழந்தை பிறந்து, பரிசோதனைகளெல்லாம் முடிந்து, காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் கருவியைப் பொருத்தலாம் என்று மருத்துவர் தெரிவித்தவுடன், பெற்றோர் வாயிலிருந்து வருகிற முதற்கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது: “ஏனுங்க டாக்டர், மெஷின் வெச்சா எம் பையன் பேசிருவானுங்களா?”

கேள்வி எளியது. ஆனால் இதற்கு நேர்மையான விடை தேடி உலகெங்கும் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக உழைத்து வருகிறார்கள். கருவி பொருத்திய பின் சத்தம் கேட்கும் என்பதைப் பெரும்பாலும் துணிந்து கூறலாம். கேட்கும் சத்தம் சொல்லாக விளங்குமா, எவ்வளவு விளங்கும், எத்தனை காலத்தில் விளங்கும் என்பனவற்றை முன்கூட்டியே அனுமானிப்பதுதான் கடினம். அந்தக் கடினத்தின் காரணங்களை ஆராய்ந்தால், கேட்பது என்னும் செயலைப் பற்றி நாம் சாதாரணமாகக் கொண்டிருக்கும் எண்ணமே சற்று மாறிவிடுகிறது.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்டிருக்கும் உறுப்புக்குக் காக்ளியா என்று பெயர். அதன் அடிப்பகுதி கீச்சென்ற உயர்ந்த சுருதிகளையும், உச்சிப்பகுதி கனத்த தாழ்ந்த சுருதிகளையும் ஏற்கும்படி அமைந்திருக்கிறது. அச்சுருளின் உள்வரிசையிலுள்ள ஏறத்தாழ 3,500 மயிர்ச்செல்கள் அதிர்வை மின் குறிப்பாக மாற்ற, சுமார் 30,000 இழைகளைக் கொண்ட செவிநரம்பு அதை மூளைக்கு எடுத்துச் செல்கிறது. பிறவிச் செவிட்டுத்தன்மையில் பெரும்பாலும் பழுதடைந்திருப்பது அந்த மயிர்ச்செல் கூட்டமே. நரம்பு பல சமயங்களில் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே, பழுதுபட்ட செல்களைத் தாண்டி நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் என்ன என்று எண்ணியவர்களின் முயற்சியே இந்தக் கருவியாகப் பலித்தது.

1957-இல் பாரிஸ் நகரத்தில் ஜூர்னோவும் எய்ரியேயும் செவிடர் ஒருவரின் செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டி ஓசையுணர்வை உண்டாக்கினார்கள். 1961-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் ஒற்றை மின்முனையோடு கருவியைப் பொருத்தினார். காக்ளியாவுக்குள் ஓசை எவ்வாறு அலையாகப் பரவுகிறது என்பதைக் கண்டறிந்த பெக்கெசிக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். 1970-களின் இறுதியில் வியன்னாவில் ஹோக்மைர் தம்பதியரும், மெல்போர்னில் கிரேயம் கிளார்க்கும் பல மின்முனைகள் கொண்ட கருவிகளை உருவாக்கினர். 1991-இல் பிளேக் வில்சன் குழுவினர், பேச்சொலியைப் பகுத்து மின்துடிப்புகளாக மாற்றும் புதிய முறையொன்றை வெளியிட்ட பிறகு, கருவியணிந்தோர் உதட்டைப் பாராமலே பேச்சைப் புரிந்துகொள்வது அபூர்வ நிகழ்ச்சியாக இருந்த நிலைமை மாறிற்று. கிளார்க், இங்கபோர்க் ஹோக்மைர், வில்சன் ஆகிய மூவருக்கும் 2013-இல் லாஸ்கர் விருது அளிக்கப்பட்டது.

இந்தச் சாதனையின் வியப்பு, கருவி மூளைக்குக் கொடுப்பது எவ்வளவு குறைவு என்பதை அறியும்போதுதான் முழுமையாக விளங்கும். 3,500 செல்கள் செய்த வேலையை இங்கே பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரையுள்ள மின்முனைகள் செய்கின்றன. அவையும் ஒன்றுக்கொன்று தனித்து இயங்குவதில்லை. காக்ளியாவினுள் உப்புத் திரவம் நிறைந்திருப்பதால், ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் பக்கத்து முனைக்குரிய நரம்பிழைகளையும் தொட்டுவிடுகிறது. அதன் பயனாக, இருபத்திரண்டு முனைகள் இருந்தும், பேச்சை அறிவதில் ஏறத்தாழ எட்டு தனி வழிகளுக்கு மேற்பட்ட பலன் கிட்டுவதில்லை என்று 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதற்கு முன்பே, 1995-இல், ராபர்ட் ஷானன் குழுவினர் இயல்பான செவியுடையோரிடம் நான்கே அலைவரிசைகளாகச் சுருக்கிய பேச்சை ஒலித்துக் காட்டி, அமைதியான அறையில் அவர்கள் அதைப் பெருமளவுக்குப் புரிந்துகொண்டதை நிரூபித்திருந்தார்கள். பேச்சைப் புரிந்துகொள்வதற்குக் காதிலிருந்து வரும் செய்தி சொற்பமாக இருந்தாலும் போதும். மீதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. ஒரே கருவியை ஒரே மருத்துவர் பொருத்திய இரண்டு குழந்தைகளில் ஒன்று மூன்றே ஆண்டுகளில் தொலைபேசியில் பேசுவதும், மற்றொன்று பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதோடு நின்றுவிடுவதும் எதனால் என்ற புதிரின் பெரும்பகுதி, நிரப்புகிற அந்த மூளையிலேயே அடங்கியிருக்கிறது.

வேறுபாட்டை அனுமானிக்க வேண்டுமானால் முதலில் அதை அளக்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவாகி நம் மருத்துவமனைகளிலும் வழக்கத்திலுள்ள அளவுகோல் ஒன்று, பூஜ்யம் முதல் ஏழு வரை படிகளைக் கொண்டது. சூழ்நிலையின் ஓசைகளைக்கூட உணராதது பூஜ்யம்; உதட்டைப் பாராமல் வழக்கமான சிறு வாக்கியங்களைப் புரிந்துகொள்வது ஐந்தாம் படி; உரையாடலையே புரிந்துகொள்வது ஆறாம் படி; தெரிந்தவரோடு தொலைபேசியில் பேசுவது ஏழாம் படி. மருத்துவரிடம் பெற்றோர் கேட்ட கேள்வியை விஞ்ஞான பாஷையில் பெயர்த்தால், இக்குழந்தை எந்தப் படியில், எந்த வயதில் நிற்கும் என்பதே ஆகும்.

விடை தேடியவர்கள் முதலில் நாடியது நோயாளியின் பூர்வ சரித்திரத்தை. பேச்சு வந்தபின் செவிப்புலனை இழந்த பெரியவர்கள் 808 பேரின் விவரங்களைத் திரட்டி, 1996-இல் பீட்டர் பிளேமியும் அவரைச் சேர்ந்தவர்களும் ஐந்து அம்சங்களை ஆராய்ந்தனர்: செவிடாக இருந்த காலம், செவிடு தொடங்கிய வயது, கருவி பொருத்திய வயது, செவிட்டுக்குக் காரணமான நோய், கருவியோடு பழகிய காலம். இவ்வைந்தையும் சேர்த்து நோக்கியபோதும், ஒருவருக்கொருவர் கண்ட வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கே விளக்கம் கிடைத்தது. பதினைந்து மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 2,251 பேரைப் பற்றி 2012-இல் லசார்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, எஞ்சியிருந்த செவிப்புலன், முன்பு காது மெஷின் அணிந்த பழக்கம் முதலிய வேறு பல விவரங்களைச் சேர்த்துக்கொண்ட பின்னரும் 22 சதவீதத்தைத் தாண்டவில்லை. முக்கால் பங்குக்கு மேற்பட்ட வேறுபாடு, மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படாத ஏதோ ஒன்றிலிருந்து வருகிறதென்பதே இதன் தாத்பரியம்.

குழந்தைகளின் விஷயத்தில் நிலைமை சற்றே தெளிவானது. ஏனெனில் வயது என்னும் ஓர் அம்சம் அங்கே மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கிறது. அமெரிக்காவில் ஆறு மையங்களில் 188 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த நிபார்கோ குழுவினர், 18 மாதம் நிறைவதற்குள் கருவி பெற்றவர்களின் பேச்சு வளர்ச்சி, பிந்திப் பெற்றவர்களைவிட வேகமாக இருந்ததை 2010-இல் அறிவித்தனர். இதற்கு விளக்கமாக அமைந்தவை அனு சர்மாவின் ஆராய்ச்சிகள். ஒலி கேட்டதும் மூளையின் மேற்பரப்பில் எழும் மின்னலையை அளந்து பார்த்ததில், மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற குழந்தைகளில் அந்த அலை சில மாதங்களுக்குள் வயதுக்கேற்ற இயல்பை அடைவதையும், ஏழு வயதைக் கடந்தவர்களில் பலருக்கு அவ்வாறு அடையாமலே போவதையும் அவர் கண்டார். செவிக்கென ஒதுக்கிய மூளைப் பகுதி, ஒலிக்காகச் சில ஆண்டுகளே காத்திருக்கிறது. அதற்குள் ஒலி வராவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

செவிட்டின் காரணமும் ஓரளவு முன்னறிவிப்பைத் தருகிறது. நம் நாட்டில் பிறவிச் செவிட்டுக்குக் காரணமான மரபணுக் கோளாறுகளில் கனெக்சின்-26 என்ற புரதத்துக்குரிய மரபணுவின் பழுது முக்கியமானது. அதிலும் W24X எனப்படும் ஒரு குறிப்பிட்ட பிழை இந்தியரிடையே ஒரே மூதாதை வழியிலிருந்து பரவிவந்ததென்று 2003-இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. தாயும் தந்தையும் இப்பிழையின் ஒவ்வொரு பிரதியைத் தாங்கியிருந்து, இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால்தான் செவி கெடுகிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதை உரிமையாகக் கருதும் குடும்பங்களில் அவ்வாறு சேர்வதற்குரிய வாய்ப்பு கூடுவது இயல்பே. ஆயினும் இந்தக் கோளாறு நரம்பைத் தொடாமல் காக்ளியாவோடு நின்றுவிடுவதால், கருவி பெற்ற இக்குழந்தைகள் பொதுவாக நன்றாகவே தேறுகிறார்கள். மாறாக, செவிநரம்பே மெலிந்தோ இல்லாமலோ பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவியின் பலன் மிகக் குறைவு. மூளைக்காய்ச்சலால் செவியிழந்தவர்களில் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து மின்முனைகளுக்கு வழியடைத்துவிடுவதும் உண்டு. ஸ்கேன் படங்களைக் கொண்டு இவற்றை முன்பே அறியலாம்.

அறுவை மேசையிலேயே, கருவியைத் தூண்டி நரம்பு பதில் சொல்கிறதா என்று அளக்கும் வசதியும் இன்று உண்டு. பதில் வந்தால் கருவியும் நரம்பும் இணைந்துவிட்டன என்ற ஆறுதல் கிடைக்கும். பிற்காலப் பேச்சைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை. ஆகவே ஆராய்ச்சி, நரம்பைத் தாண்டி மூளைக்கே சென்றது. 2001-இல் தென்கொரிய விஞ்ஞானிகள் அறுவைக்கு முன் குழந்தைகளின் மூளையைப் படமெடுத்து, விசித்திரமான ஓர் உண்மையைக் கண்டார்கள்: செவிக்குரிய மூளைப் பகுதி எவ்வளவு ஓய்ந்து கிடந்ததோ, அவ்வளவுக்குப் பின்னால் பேச்சு நன்றாக வந்தது. அந்தப் பகுதி சுறுசுறுப்பாக இருந்தவர்களிடம் பார்வை போன்ற பிற புலன்கள் அவ்விடத்தைக் கைப்பற்றியிருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். 2018-இல் ஹாங்காங்கின் பாட்ரிக் வாங், சிகாகோவின் நான்சி யங் முதலியோர், எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினிக்குக் கற்பித்து, குழந்தைகளின் பேச்சு முன்னேற்றத்தை அறுவைக்கு முன்பே ஊகிக்க முயன்றபோது, செவிட்டால் மாறுதலடைந்த பகுதிகளைக் காட்டிலும் மாறாமல் தப்பிய பகுதிகளே நல்ல துப்புக் கொடுத்தன. கேட்கத் தெரியாத மூளையிலும், கேட்டதைக் கோத்துப் பொருள்கொள்ளும் இணைப்புகள் கெடாமல் இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு என்பது இதனால் தெரிகிறது.

இத்தனை சாதனைகளுக்குப் பின்னும், தொகுதியைப் பற்றிச் சொல்வதற்கும் தனியொருவரைப் பற்றிச் சொல்வதற்குமுள்ள தூரம் குறைந்தபாடில்லை. திருப்பூரில் துணி விஷயம் தெரிந்த எவருக்கும் இது புரியும். நூலின் கவுண்ட், இயந்திரத்தின் கேஜ், கண்ணி நீளம் மூன்றும் தெரிந்தால், துணியின் ஜி.எஸ்.எம். என்னும் எடைக்கணக்கு எவ்வளவு வரும், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதை அனுபவசாலி மாஸ்டர் உத்தேசமாகச் சொல்லிவிடுவார். ஆயினும் சாயமேறி வந்த அந்தக் குறிப்பிட்ட ரோலில் ஒரு துண்டை வெட்டித் துவைத்து அளந்து பாராமல் கட்டிங்குக்கு அனுப்பமாட்டார். மருத்துவரும் அந்த மாஸ்டரைப் போலவே உத்தேசம் சொல்ல முடியும். ஆனால் சரிபார்ப்பதற்குக் குழந்தையிடம் மாதிரித் துண்டு கிடையாது.

மேல்நாட்டுக் கணக்குகளை அப்படியே நம் குழந்தைகளுக்குப் பொருத்துவதற்கு மொழியும் ஒரு தடையாகிறது. கருவி, ஒலியின் கால அளவையும் வலிமையின் ஏற்ற இறக்கத்தையும் நன்றாகக் கடத்துகிறது. சுருதிகளின் நுட்பமான வேறுபாட்டை மங்கலாகவே கடத்துகிறது. தமிழ் இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் வகுத்திருப்பது நாம் அறிந்ததே. ‘படு’, ‘பாடு’ என்னும் வேறுபாடும், ‘படம்’, ‘பட்டம்’ என்னும் வேறுபாடும் பெரிதும் காலத்தின் வேறுபாடுகளாதலால், கருவியின் வழியாகவும் அவை தப்பிப் பிழைக்கத்தக்கவை. ஆனால் ‘கலை’, ‘களை’, ‘கழை’ என்பனவும், ‘மனம்’, ‘மணம்’ என்பனவும் நாக்கு தொடும் இடத்தால் வேறுபடுவன. அந்த இட வேறுபாடு காதில் விழுவது சுருதிகளின் அமைப்பாகத்தான். ஆகவே இத்தகைய சொற்களை, கருவியணிந்த குழந்தை காதால் மட்டும் பிரித்தறிவது கடினம். வாக்கியத்தின் போக்கைக் கொண்டே பெரும்பாலும் ஊகிக்க வேண்டும். எனவே ஆங்கிலச் சொற்பட்டியலில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு தமிழ்க் குழந்தையின் வருங்காலத்தைக் கணிப்பது பொருந்தாது. தமிழ் ஒலிகளைச் சமநிலையாகக் கோத்த சொற்பட்டியல்களே நமக்கு வேண்டும்.

இனி, நம் பிரதேசத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையை இலவசமாக்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டமும் 2014-இல் திருத்தப்பட்டபோது கருவியொன்றுக்கு 6 லட்சம் ரூபாய் வரை உச்சவரம்பு வகுத்தது. கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருப்பூருக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. திருப்பூரிலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், குழந்தைகளின் பிறவிக் குறைகளை இளமையிலேயே கண்டறிவதற்கு மாவட்டந்தோறும் மையங்கள் ஏற்பட்டன. ஆகப் பணம் என்னும் பெரிய தடை பெரிதும் விலகிவிட்ட இடத்தில், முன்னறிவிப்பு ஆய்வுகள் சுட்டும் மற்ற அம்சங்களே குழந்தையின் கதியை நிர்ணயிக்கின்றன.

அவற்றில் முதலாவது, கருவி காதில் இருக்கும் நேரம். இக்காலத்துக் கருவிகள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அணியப்பட்டன என்பதைத் தாமே பதிந்து வைக்கின்றன. அந்தக் கணக்கு உயர உயரப் பேச்சும் வளர்கிறதென்பது திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. வயர் அறுந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ கருவி டப்பாவுக்குள் போய்விடும். வியர்வை ஈரம் அதன் பகை. பாலியெஸ்டர் துணியை உரசிக் கழற்றும்போது எழும் நிலைமின்சாரம் கருவியில் ஏற்றிவைத்த அமைப்பைக் கலைத்துவிடக்கூடும் என்பதால், முதலில் கருவியைக் கழற்றிவிட்டுப் பிறகு சட்டையை மாற்றும்படி ஆடியாலஜிஸ்டுகள் சொல்வது வழக்கம். பருத்திப் பனியனில் அந்த அபாயம் குறைவு.

இரண்டாவது, வீட்டில் ஒலிக்கும் பேச்சு. நிபார்கோ குழுவினரின் ஆய்விலேயே, பெற்றோர் குழந்தையோடு எவ்வளவு கலந்து பழகினார்கள் என்பது பேச்சு வளர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஆனால் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கும், தூங்கிவிட்ட குழந்தைக்கும் இடையே எத்தனை வாக்கியங்கள் நடமாட முடியும்? பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியாகிய அம்மிச்சிக்கோ, கருவியைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பமாயின், பயிற்சியாளரின் மொழி ஒன்று, வீட்டு மொழி வேறொன்று.

மூன்றாவது, இரைச்சல். வீட்டோடு ஒட்டிய தறிக்கூடத்தில் 90 டெசிபெல்லைத் தாண்டும் ஓசை சகஜம். அந்த 90 டெசிபெல்தான் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் எல்லை. இயல்பான செவி, இரைச்சலுக்கு நடுவே அறிமுகமான குரலைச் சுருதியால் பிரித்தெடுத்துக்கொள்ளும். எட்டு வழிகளே உள்ள செவிக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. அமைதியான பரிசோதனை அறையில் ஆறாம் படியில் நிற்கும் குழந்தை, தறி ஓடும் வீட்டுத் திண்ணையில் மூன்றாம் படிக்கு இறங்கிவிட்டால், அதற்காகக் குழந்தையையோ கருவியையோ குறைகூறுவதற்கில்லை.

இந்த மூன்றையும் மாற்றுவதற்கு வேண்டிய சாதனங்கள் மிக எளியவை. டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிப் பரிசோதனை, நாள்தோறும் காலையில் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்: தாய் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து, ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’, ‘ம்’, ‘ஷ்’, ‘ஸ்’ என்று முறை மாற்றிச் சொல்ல, குழந்தை கேட்டதும் ஒரு மணியைக் கிண்ணத்தில் போடுகிறது. ‘ஊ’, ‘ம்’ என்பவை தாழ்ந்த சுருதிகளுக்கும், ‘ஸ்’ மிக உயர்ந்த சுருதிகளுக்கும் சாட்சி. நேற்றுக் கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லையானால் கருவியை மேப்பிங்குக்கு, அதாவது அதன் அமைப்பைத் திருத்துவதற்கு, கொண்டுபோக வேண்டும். உதட்டைப் பார்த்துக் குழந்தை ஏமாற்றிவிடாதபடி, பயிற்சியாளர்கள் எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய துணியை மாட்டி வாயை மறைத்துக்கொள்வார்கள். துணி முகத்தை மறைக்குமே தவிர ஒலியை மறைக்காது. வளையத்துக்கும் துணிக்கும் திருப்பூர் எங்கும் போக வேண்டியதில்லை.

முன்னறிவிப்பு என்பதை ஜோதிடம் போலக் கருதி, குறைந்த மதிப்பெண் வந்த குழந்தைக்குக் கருவி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். அந்த வாதம் இவ்விஞ்ஞானத்தையே தலைகீழாகப் புரிந்துகொண்டது. செவிநரம்பே இல்லாத அபூர்வமான நிலைகளை விலக்கிவிட்டால், இன்றைய கணக்குகள் எந்தத் தனிக் குழந்தையையும் விலக்கிவைக்குமளவுக்கு நிச்சயமானவை அல்ல. ஆனால் எந்தக் குழந்தைக்கு வாரம் ஒருமுறைப் பயிற்சி போதும், எதற்கு மூன்று முறை வேண்டும், எந்த வீட்டுக்குப் பயிற்சியாளர் நேரில் போக வேண்டும், எங்கே செவிக்கருவியோடு சைகை மொழியையும் சேர்த்துக் கற்பிப்பது விவேகம் என்பதைத் தீர்மானிக்க அவை தாராளமாகப் போதும். பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே செவியைப் பரிசோதிப்பது, ஐயமிருந்தால் தாமதிக்காமல், ஒலிக்கு மூளைத்தண்டு தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனை செய்வது, பயிற்சி நாட்களில் தாய்க்குச் சம்பளத்தோடு அரை நாள் விடுப்பளிப்பது, உதிரிபாகங்களை மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கச் செய்வது ஆகிய நான்கும், மூளைப் படத்துக்கும் மரபணுச் சோதனைக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறியவை. பலனிலோ அவற்றுக்கு இளைத்தவை அல்ல. ஆகையால், “எம் பையன் பேசிருவானுங்களா?” என்ற கேள்விக்கு இன்று விஞ்ஞானம் தரக்கூடிய உண்மையான விடை ஒரு நிபந்தனையோடு கூடியது: நரம்பு இருந்து, கருவி சீக்கிரம் வந்து, நாள் முழுவதும் காதிலிருந்து, வீடு அவனோடு பேசுமானால் பேசுவதற்கே வாய்ப்பு அதிகம். நிபந்தனையின் முதல் பகுதியைத் தவிர மற்ற யாவும் பெற்றோர், முதலாளி, சர்க்கார் ஆகிய மூவரின் பொறுப்பிலிருப்பதால், அந்தக் கேள்வியை மருத்துவரிடம் மட்டும் கேட்பது போதாது.